ஆட்டம் வேறு, சூதாட்டம் வேறு

போன தீபாவளிக்கு நாலு நாள் முந்தி நடந்தது இது. இரண்டாம் ஷிப்ட் முடிந்து, தாதர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அம்பர்நாத் வண்டிக்காகக் காத்திருந்தேன். மணி பத்தரை இருக்கும். கையில் ஒரு விளையாட்டுக் கருவி. திரையில் குட்டிக் கார் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பரேலில் மில் தொழிலாளியாக இருந்தவர். என் அப்பாவோடு பழகியவர். சிறிது நேரம் நான் ஆடுவதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏன் தம்பி, இதுக்கா ஒங்கப்பா ஒன்னைய பம்பாய்க்குக் கூட்டியாந்தாரு?"

எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்வதற்குள் வண்டி வந்துவிட்டது. அவர் முன்பெட்டியில் ஏறினார், நான் பின்பெட்டியில் ஏறினேன். அன்று சொல்லாத பதிலை இன்று எழுதுகிறேன். அது அவருக்கு மட்டும் உரிய பதில் அல்ல. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் மனிதனுக்கு விளையாட்டு எதற்கு என்று கேட்கும் எல்லோருக்கும் உரியது.

கருவியின் கதை

முதலில் அது என்ன கருவி என்று சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் நின்டெண்டோ ஸ்விட்ச். ஜப்பானில் கியோட்டோ நகரத்துக் கம்பெனியான நின்டெண்டோ, 2017 மார்ச் 3-ம் தேதி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு சாண் நீளம், அரைச் சாணுக்குச் சற்றுக் குறைந்த அகலம். எடை ஏறக்குறைய 400 கிராம். நடுவில் 6.2 அங்குலத் திரை. இரண்டு பக்கமும் பித்தான்கள் வைத்த கைப்பிடிகள். அவற்றுக்கு ஜாய்-கான் என்று பெயர்.

இதன் விசேஷம் இதுதான். ஒரு சிறு பெட்டியில் இதைச் செருகி வைத்தால் படம் டி.வி.யில் தெரியும். பெட்டியிலிருந்து உருவி எடுத்தால், ஆட்டம் விட்ட இடத்திலிருந்து கையிலேயே தொடரும். கைப்பிடிகளைக் கழற்றி ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் ஆடலாம். வீட்டில் டி.வி.யோடு இணைத்து ஆடும் வகை, கையில் வைத்து ஆடும் வகை என்று முன்பு தனித்தனியாக இருந்தவற்றை இதில் ஒன்றாக்கினார்கள். உலகம் முழுவதும் 15 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. 2025 ஜூன் 5-ம் தேதி இதன் தம்பியாக ஸ்விட்ச் 2 வெளிவந்தது. அதற்குத் திரை 7.9 அங்குலம். என்னிடம் இருப்பது பழையது. அதிலும் இன்னொருவர் கைபட்டது.

லாமிங்டன் ரோட்டில் வாங்கினேன். நம் ரயில்வே நண்பர்களுக்குக் கணக்கு தெரியும். 78 நாள் போனஸ் என்பார்கள். உச்சவரம்புப்படி கைக்கு வருவது 17,951 ரூபாய். அதில் பதினாறாயிரம் இந்தக் கருவிக்குப் போயிற்று. என் மனைவி அன்று சொன்னதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

"பிள்ளைக்கு பீஸ் கட்டணும், கொடைக்கு ஊருக்குப் போவணும், துணி வைக்க ஒரு பீரோ கேட்டு ரெண்டு வருசமாச்சு. ஒங்களுக்கு வெளையாட்டுச் சாமான் கேக்குதாக்கும்?"

பீரோ இந்த வருஷமும் வரவில்லை. அந்தக் குறை என் மனசில் இருக்கிறது. அப்படியும் ஏன் வாங்கினேன்?

அரை மணிக்கு இரண்டு ரூபாய்

எனக்கு எட்டு, ஒன்பது வயதிருக்கும். தாராவியில் எங்கள் சந்து முனையில் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. பழைய டி.வி. மூன்று, பெஞ்சு இரண்டு. அரை மணிக்கு இரண்டு ரூபாய். மஞ்சள் நிற கேசட்டில் "9999 ஆட்டம்" என்று எழுதியிருக்கும். உள்ளே இருப்பதோ பத்து, இருபது ஆட்டங்கள்தான். அவையே பெயர் மாறி மாறித் திரும்ப வரும். தொப்பியும் மீசையும் வைத்த ஒரு குள்ள மனிதன் காளானை மிதித்துக்கொண்டு ஓடுவான். அவன் பெயர் மரியோ என்றும், அவனைப் படைத்தது ஜப்பானில் இருக்கும் இதே நின்டெண்டோ என்றும் அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. நாங்கள் ஆடியது அசலின் நகல்.

அப்பா ரயில்வேயில் கலாசி. ஆறு பேர் சாப்பிட வேண்டிய வீடு. இரண்டு ரூபாய் மாதத்துக்கு ஒரு முறை கிடைத்தால் பெரிது. மற்ற நாட்களில் பின்னால் நின்று பிறர் ஆடுவதை வேடிக்கை பார்ப்பேன். காசு கொண்டுபோன நாளிலும், மரியோ கோட்டை வாசலை எட்டும் நேரம் பார்த்துக் கடைக்காரர் "டைம் ஹோ கயா" என்று பித்தானை அணைத்துவிடுவார். அந்தக் கோட்டைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குக் கடைசிவரை தெரியாமலே போயிற்று.

மெட்ரிக் முடித்தேன். அப்பா வேலையில் இருக்கும்போதே காலமானார். எனக்கு ரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம் கிடைத்தது. தங்கையின் கல்யாணம், ஊர் வீட்டுக் கடன், அம்மாவின் கண் ஆபரேஷன் எல்லாம் முறையாக முடிந்தன. முப்பத்தாறு வயதில், அந்தக் கோட்டைக்குள் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்தது. போய்ப் பார்த்தேன். யாரும் வந்து அணைக்கவில்லை. சொந்தமாக ஒரு பொருள் வைத்திருப்பதில் உள்ள சுகம் இதுதான் என்று அன்று புரிந்தது.

ரயிலில் பிறந்த யோசனை

வேலைக்குப் போகிறவனுக்கும் இந்தக் கருவிக்கும் உறவு இருக்கிறது. இதன் வம்சத்துக்கு மூத்தவர் குன்பேய் யோகோய் என்னும் ஜப்பானியர். 1965-ல் அவர் நின்டெண்டோவில் சேர்ந்தது விளையாட்டு வடிவமைக்க அல்ல. சீட்டுக் கட்டு தயாரிக்கும் இயந்திரங்களைப் பராமரிக்கத்தான். 1889-ல் தொடங்கிய அந்தக் கம்பெனிக்கு முதல் தொழில், பூப்படம் போட்ட ஜப்பானியச் சீட்டுகளைச் செய்வது. வேலை இல்லாத நேரத்தில் யோகோய் தன் பொழுதுபோக்குக்காக நீளும் கை ஒன்றைச் செய்து வைத்திருந்தார். அது முதலாளியின் கண்ணில் பட்டது. நம் ஆபீஸாக இருந்தால் மெமோ வந்திருக்கும். அந்த முதலாளியோ, "இதை விற்பனைக்குத் தக்கபடி செய்" என்றார். 1966-ல் வெளிவந்த அந்தப் பொம்மைக் கை பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

பின்னொரு நாள் யோகோய் ஜப்பானின் அதிவேக ரயிலில் போய்க்கொண்டிருந்தார். எதிரே ஒரு சம்பளக்காரர் பொழுது போகாமல் கால்குலேட்டர் பித்தான்களைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டார். வேலை முடிந்து களைத்துப்போன மனிதனுக்குப் பயணத்தில் கையடக்கமாக ஒரு விளையாட்டு இருந்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அதிலிருந்து பிறந்தது 1980-ல் வந்த 'கேம் அண்ட் வாட்ச்'. அடுத்து 1989-ல் 'கேம் பாய்'. கேம் பாய்க்கு வர்ணத் திரை கிடையாது. பென்சில் பேட்டரி நாலு போட்டால் நெடுநேரம் ஓடும். போட்டிக் கம்பெனிகளின் வர்ணத் திரைக் கருவிகள் பேட்டரியை விழுங்கித் தீர்த்தன. விலை இறங்கி நன்றாகப் பழகிப்போன சாதாரணப் பாகத்தைப் புது விதமாகப் பயன்படுத்துவதே யோகோயின் கொள்கை. அவர் 1997-ல் ஒரு சாலை விபத்தில் இறந்துபோனார்.

ஆகவே பெரியவரே, நான் ரயில்வே ஸ்டேஷனில் உட்கார்ந்து இதை ஆடுவது ஒன்றும் இடம் தெரியாத காரியமல்ல. என்னைப் போல ரயிலில் போய்வரும் சம்பளக்காரனைப் பார்த்துத்தான் இந்த வம்சத்தையே உருவாக்கினார்கள்.

ஒரு அறை, ஒரு டி.வி.

எங்கள் வீடு ஓர் அறையும் சமையல்கட்டும். டி.வி. ஒன்று. எட்டு மணி முதல் பத்து மணி வரை அது அம்மாவின் சீரியலுக்குச் சொந்தம். அந்த நேரத்தில் டி.வி.யைக் கேட்பவன் வீட்டில் இருக்க முடியாது. அப்போது கருவியைப் பெட்டியிலிருந்து உருவி மடியில் வைத்துக்கொள்வோம். சீரியல் முடிந்ததும் மறுபடி செருகுவோம். பெரிய வீட்டுக்காரர்களுக்கு இது ஒரு வசதி. நமக்கோ இது சண்டையில்லாத இரவு.

ஏழு வயது மகள் ஒரு கைப்பிடி, நான் ஒரு கைப்பிடி. 'மரியோ கார்ட் 8 டீலக்ஸ்' என்னும் கார்ப் பந்தயம். சிறு பிள்ளைகள் ஆடும்போது கார் பாதையை விட்டு விழாமல் தானே திருப்பிக்கொள்ள அதில் ஒரு ஏற்பாடு உண்டு. மகளுக்கு அதைப் போட்டுக்கொடுத்தேன். ஒரு மாதத்தில் அதை எடுத்துவிடச் சொன்னாள். இப்போது நான்தான் தோற்கிறேன்.

'51 வேர்ல்ட்வைட் கேம்ஸ்' என்று இன்னொன்று. 2020-ல் வந்தது. உலக நாடுகளின் பலகை ஆட்டங்களையும் சீட்டாட்டங்களையும் அதில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். நம் கேரம் போர்டு அதில் இருக்கிறது. மங்காலா என்ற பெயரில் பல்லாங்குழியின் உறவுக்கார ஆட்டமும் இருக்கிறது. ஒருநாள் சீரியல் முடிந்ததும் அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "என்னலே, பக்கத்துக்கு ஒரு குழி கொறையுது?" என்றார். உண்மைதான். அதில் பக்கத்துக்கு ஆறு குழி, நம் ஊரில் ஏழு. குறை சொல்லிக்கொண்டே உட்கார்ந்தவர் பேத்தியை மூன்று ஆட்டம் தோற்கடித்துவிட்டுத்தான் எழுந்தார். அம்மா பல்லாங்குழி ஆடுவார் என்பதே அன்றுவரை என் மகளுக்குத் தெரியாது.

ஊருக்குப் போகும்போதும் அப்படியே. நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவும் ஒரு பகலும். கருவியின் பின்பக்கத்துக் காலை விரித்து டிரங்குப் பெட்டிமேல் நிறுத்தினால், கம்பார்ட்மெண்டில் நாலு குழந்தைகள் சேர்ந்துவிடும். போனைப் பார்க்கிறவன் தனியாகப் பார்க்கிறான். இதில் இன்னொரு கைக்கும் இடம் இருக்கிறது.

இரண்டையும் ஒன்றாக்காதீர்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

பெரியவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஆபீசில் என்னுடன் வேலை பார்த்த நண்பர் ஒருவர் போனில் ரம்மி ஆடினார். முதலில் ஐநூறு வந்தது. பிறகு ஐயாயிரம் போயிற்று. போனதைப் பிடிக்கச் சொசைட்டியில் கடன் வாங்கினார். பிராவிடண்ட் பண்டில் அட்வான்ஸ் எடுத்தார். கடைசியில் வீட்டுக்காரியின் தாலிச்செயின் அடகுக்குப் போனது. குடும்பம் இன்று ஊரில் இருக்கிறது. அவர் மட்டும் இங்கே பாதிச் சம்பளத்தில் கடன் கட்டுகிறார். நம் பகுதியில் இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். "கேம் ஆடிக் கெட்டான்" என்றுதான் ஜனங்கள் சொல்கிறார்கள்.

அவரும் திரையில் குனிந்திருந்தார். நானும் திரையில் குனிந்திருக்கிறேன். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதில் ஆச்சரியமில்லை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

சூதில் தோற்றவன் இழந்ததை மீட்பதற்காகவே மறுபடி ஆடுகிறான். அவனுக்கு ஆட்டத்தில் சந்தோஷமே இல்லை. மரியோவில் தோற்றால் கார் பள்ளத்தில் விழும். ஒரு மேகம் வந்து தூக்கிப் பாதையில் விடும். தோல்விக்குக் கட்டணம் கிடையாது. வள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கிக் கண்டித்தார். விளையாட்டைக் கண்டிக்க அவர் அதிகாரம் எதுவும் ஒதுக்கவில்லை.

நாட்டுச் சட்டமும் இந்த வித்தியாசத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை நடத்துவது குற்றம் என்கிறது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். போட்டி விளையாட்டையும் பொழுதுபோக்கு விளையாட்டையும் அதே சட்டம் தனியாக வைத்துப் பேசுகிறது. சட்டம் பிரித்துப் பார்ப்பதை நாமும் பிரித்துப் பார்க்க வேண்டாமா? எல்லாவற்றையும் "கேம்" என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டால், கெடுப்பது எது என்று பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? விளையாடுகிறவனைத் திட்டிக்கொண்டிருக்கும்போது சூதாடுகிறவன் நம் கண்ணில் படாமல் தப்பிவிடுகிறான். என் நண்பர் விஷயத்தில் அப்படித்தான் ஆயிற்று. "சும்மா கேம் ஆடுறாரு" என்றே நாங்கள் ஆறு மாதம் நினைத்துக்கொண்டிருந்தோம்.

வாங்க நினைப்பவர்களுக்கு

நான் இந்தக் கம்பெனிக்குத் தரகன் அல்ல. எல்லோரும் வாங்குங்கள் என்று சொல்ல வரவில்லை. வாங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள்.

கடன் வாங்கியோ மாதத் தவணையிலோ இதை வாங்காதீர்கள். கைமிச்சம் இருந்தால் மட்டும் வாங்குங்கள். இங்கே கிடைப்பது பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு. பழுதானால் யார் பார்ப்பார்கள் என்று கடையில் கேட்டு, பில் வாங்கிக்கொள்ளுங்கள். பழையதாக இருந்தால் கடையிலேயே டி.வி.யில் போட்டு, பித்தான் ஒவ்வொன்றையும் அழுத்திப் பாருங்கள். கைப்பிடியில் உள்ள குச்சியைத் தொடாதபோது திரையில் எதுவும் தானாக நகரக்கூடாது.

ஆட்டங்களைக் கார்ட்ரிட்ஜாக வாங்குங்கள். தபால் தலையைவிடச் சற்றுப் பெரிய சில்லு அது. குழந்தைகள் விழுங்கிவிடாமலிருக்கக் கசப்பு மருந்து பூசியிருக்கும். நாக்கில் வைத்துப் பார்த்தவன் சொல்கிறேன், வேப்பங்காய் தோற்கும். ஆடி முடித்ததை விற்கலாம், நண்பனுக்கு இரவல் தரலாம், மாற்றிக்கொள்ளலாம். எங்கள் ஆபீசில் இரண்டு மராட்டி நண்பர்களோடு சேர்ந்து மூன்று பேரும் அப்படித்தான் மாற்றிக்கொள்கிறோம். இணையத்தில் இறக்கிய ஆட்டத்தை இரண்டாம் கைக்கு விற்க முடியாது. ஸ்விட்ச் 2-க்கு வரும் சில கார்ட்ரிட்ஜ்களில் ஆட்டமே இருப்பதில்லை, இறக்கிக்கொள்வதற்கான சாவி மட்டும் இருக்கிறது. உறையைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். இந்தக் கருவியிலும் இலவசம் என்று கூப்பிட்டு உள்ளே காசு கேட்கும் ஆட்டங்கள் சில உண்டு. அவற்றின் பக்கம் போகாதீர்கள்.

இன்னொன்று. விளையாட்டும் அளவு மீறினால் கெடுக்கும். உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் வீடியோ கேம் பழக்கக் கோளாறையும் சேர்த்திருக்கிறது. குழந்தை தினம் எவ்வளவு நேரம் ஆடலாம் என்று வரையறுக்க இந்தக் கருவிக்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. நான் மகளுக்கு நாற்பது நிமிஷம் வைத்திருக்கிறேன். எனக்கு? அன்று கடைக்காரர் அணைத்தார். இன்று நானே அணைக்க வேண்டும். இது சுலபமில்லை. ட்யூட்டி நேரத்தில் பைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது நான் எனக்கே போட்டுக்கொண்ட விதி. இதுவரை மீறவில்லை.

பெரியவருக்குப் பதில்

"இதுக்கா பம்பாய்க்குக் கூட்டியாந்தாரு?" என்று கேட்டீர்கள். இல்லை பெரியவரே, வேலைக்குத்தான் கூட்டிவந்தார். அந்த வேலையைப் பதினைந்து வருஷமாக ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்பா முப்பது வருஷம் பார்த்தார். அவர் விளையாடி நான் பார்த்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் கிடைக்குமா என்றுதான் அலைந்தார். ஊரில் இருந்தவரை அவர் சடுகுடு நன்றாக ஆடுவார் என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மும்பை அவருக்குச் சோறு போட்டது. விளையாட்டை எடுத்துக்கொண்டது. அந்தப் பங்கையும் சேர்த்துத்தான் நான் ஆடுகிறேன்.

அடுத்த போனஸ் பீரோவுக்கு. மனைவியிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். இந்த வாக்கை அவள் கேரம் ஆட்டத்தின் நடுவில் வாங்கினாள். சிவப்புக் காயைப் போட்டுவிட்டு, அந்த மகிழ்ச்சியோடு கேட்டாள். மறுக்க முடியவில்லை.

பெரியவரே, ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்பர்நாத் பக்கம் வாருங்கள். உங்களுக்கும் ஒரு கைப்பிடி இருக்கிறது.